ஃபிளைட்கியரை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது: 8 ஜிபி ரேமில் முடியுமா?

வால்காற்று:
வணக்கம். நான் ஏரோநாட்டிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். வீட்டில் இருப்பது பழைய ஐ5 மேசைக்கணினி, 4 கோர், 8 ஜிபி ரேம், உபுண்டு 24.04. ரெப்போவில் கிடைக்கும் ஃபிளைட்கியர் விமான சிமுலேட்டர் 2020.3 நன்றாகவே ஓடுகிறது. இப்போது 2024.1-ஐ சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும்.

தேவையான லைப்ரரிகளுக்கு ஆப்ட் பில்ட்-டெப் கட்டளை கொடுத்தேன். பிறகு ஃபிளைட்கியருக்கு அடித்தளமான சிம்கியர் லைப்ரரியை கிட்டிலிருந்து இறக்கிக் கம்பைல் செய்து ஹோம் ஃபோல்டருக்குள் ஓர் இடத்தில் நிறுவினேன். அதுவரை சிக்கல் இல்லை. ஃபிளைட்கியருக்கு, பில்டைத் தயார்செய்யும் சிமேக் ஓட்டினால் சிம்கியர் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே 2024.1 பிராஞ்சிலிருந்துதான் எடுத்தேன். எங்கே பார்ப்பது?

இன்னொன்று: இணையம் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. டேட்டா ஃபோல்டர் மிகப் பெரியது என்கிறார்கள். அதை எப்படி இறக்குவது என்றும் சொல்லுங்கள்.

ஓடுபாதை07:
பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. எதற்காகக் கம்பைல் செய்கிறீர்கள்? புதிய பதிப்பு மட்டும் வேண்டும் என்றால் ஆப்இமேஜ் கிடைக்கிறது. இறக்கி, எக்ஸிக்யூட் அனுமதி கொடுத்தால் ஓடிவிடும்.

மாற்றம் செய்யத்தான் என்றாலும் பெரும்பாலானவற்றுக்குக் கம்பைலர் வேண்டாம். விமானத்தின் காற்றியக்க எண்கள், எஞ்சின், எடைப் பங்கீடு எல்லாமே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கின்றன. காக்பிட் ஸ்விட்சுகள் நாசல் என்ற ஸ்கிரிப்ட் மொழியில் இருக்கின்றன. மேகம், தண்ணீர், ஒளி போன்றவற்றின் ஷேடர்கள்கூட டேட்டா ஃபோல்டரில் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். திருத்தி, சேமித்து, மறுபடி திறந்தால் போதும். அர்டுயினோ வைத்து மீட்டர் பேனல் செய்பவர்கள் பலரும் சி++ தொடவேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கும் தேவையில்லை. ஜெனரிக் புரோட்டோகால் என்று ஒன்று இருக்கிறது. வேகம், உயரம் என்று எந்தெந்த மதிப்பு வேண்டும் என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிக் கொடுத்தால், யுடிபி வழியாகவோ சீரியல் போர்ட் வழியாகவோ அனுப்பிக்கொண்டே இருக்கும்.

தேவையில்லாமல் இதில் இறங்கி, பாதியில் வெறுத்துப்போய் சிமுலேட்டரையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

வால்காற்று:
நல்ல கேள்வி சார். எனக்கு வேண்டியது தரையிறங்கும்போது சக்கரத்தில் என்ன நடக்கிறது என்பது. விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிடும் ஜேஎஸ்பிசிமில் எஃப்ஜிஎல்கியர் என்ற கிளாஸ் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்பிரிங் எண், டேம்பிங் எண், உராய்வு எண்கள் எக்ஸ்எம்எல்லில் இருப்பது தெரியும், மாற்றியும் பார்த்தேன். ஆனால் பக்கவாட்டு விசையைக் கணக்கிடும் இடம் சி++ கோடில் இருக்கிறது. டயர் விசைக்கான பசேக்கா சூத்திரம் பயன்படுத்துகிறார்கள். ஈரமான ஓடுபாதைக்கு அந்தச் சூத்திரத்தின் எண்களை எப்படி மாற்றலாம் என்பதுதான் என் புராஜெக்ட். விமானம் ஓடும்போதே டீபக்கரில் நிறுத்தி அந்த மதிப்புகளைப் பார்க்க ஆசை.

ஓடுபாதை07:
அப்படியென்றால் கம்பைல் செய்யத்தான் வேண்டும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: ஜேஎஸ்பிசிம் தனியாகவும் ஓடும். படம், ஒலி எதுவும் இல்லாமல் ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்தால் எண்களை மட்டும் கோப்பில் எழுதித் தரும். பைத்தான் மாட்யூலாகவும் கிடைக்கிறது. ஆய்வு வேலையில் பாதிக்கு மேல் அதிலேயே முடியும்.

கட்டளைவரி:
தம்பி, உங்கள் சிக்கல் பில்ட்-டெப் கட்டளையில் இருக்கிறது.

உபுண்டுவில் ஃபிளைட்கியர் 2020.3 பேக்கேஜைக் கட்ட என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் அந்தக் கட்டளை நிறுவிவிடும். அதில் சிம்கியரின் டெவலப்மெண்ட் பேக்கேஜும் ஒன்று, அதுவும் 2020.3. அது போய் யுஎஸ்ஆர் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் பாடுபட்டுக் கட்டிய 2024.1 ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது. சிமேக்கிடம் எங்கே தேட வேண்டும் என்று சொல்லவில்லை என்றால் சிஸ்டத்தில் இருப்பதைத்தான் எடுக்கும். பதிப்பு பொருந்தாது, நின்றுவிடும். நின்றதே நல்லது. அந்தச் சோதனை இல்லையென்றால் கட்டி முடித்து, ஓட்டும்போது காரணம் தெரியாமல் விழும்.

செய்ய வேண்டியது:

முதலில் அந்த சிம்கியர் டெவலப்மெண்ட் பேக்கேஜை ஆப்ட் மூலம் நீக்குங்கள். மற்ற லைப்ரரிகள் இருக்கட்டும். ஓப்பன்ஏஎல், பூஸ்ட், கர்ல், க்யூடி எல்லாம் வேண்டும்.

அடுத்து ஃபிளைட்கியரின் பில்ட் ஃபோல்டரை முழுவதும் அழியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. சிமேக் ஒருமுறை கண்டுபிடித்ததை கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பேக்கேஜை நீக்கினாலும் பழைய பாதையையே பிடித்துக்கொண்டிருக்கும். சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே பில்ட் செய்யாமல் தனி ஃபோல்டர் வைப்பது இதற்காகத்தான்: தயக்கம் இல்லாமல் அழிக்கலாம்.

பிறகு சிமேக் ஓட்டும்போது இன்ஸ்டால் பிரிஃபிக்ஸ், பிரிஃபிக்ஸ் பாத் இரண்டிலும் சிம்கியரை நிறுவிய அதே ஃபோல்டரைக் கொடுங்கள். பில்ட் டைப்பை ரெல்வித்டெப்இன்ஃபோ என்று வையுங்கள். டீபக்கர் வேண்டும் என்கிறீர்களே, வெறும் ரிலீஸ் என்று வைத்தால் வரி எண் எதுவும் தெரியாது.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கீழே ஓப்பன்சீன்கிராஃப், படம் வரைவது அதன் வேலை. 1.9 பதிப்பு வரும் வரை பிளிப் என்ற லைப்ரரி செய்துகொண்டிருந்த வேலை அது. அதற்கு மேல் சிம்கியர். அதற்கு மேல் ஃபிளைட்கியர். கடைசியில் எஃப்ஜிடேட்டா, நீங்கள் கேட்ட டேட்டா ஃபோல்டர் அதுதான். ஓப்பன்சீன்கிராஃப் உபுண்டு 24.04-இல் 3.6.5 இருக்கிறது, அதைத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. மற்ற மூன்றும் ஒரே பிராஞ்சில் இருந்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாக நகர்த்துகிறவருக்குப் பெரிய பிரச்சினை வராது. ஒன்றை மட்டும் புதுப்பித்தால் உடனே வரும்.

பழைய_பெங்குயின்:
இதையெல்லாம் கையால் ஏன் செய்ய வேண்டும்? எஃப்ஜிமெட்டா ரெப்போவில் டவுன்லோட்_அண்ட்_கம்பைல் என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. காலி ஃபோல்டரில் வைத்து ஓட்டினால் பேக்கேஜ்களை நிறுவும், எல்லா ரெப்போவையும் இறக்கும், சரியான வரிசையில் கட்டும், கடைசியில் ஓட்டுவதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்டும் டீபக்கரோடு ஓட்டுவதற்கு இன்னொன்றும் எழுதித் தரும். பிராஞ்ச் கலப்பது என்ற பேச்சே இருக்காது. நான் பல வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கட்டளைவரி:
ஸ்கிரிப்ட் நல்ல ஸ்கிரிப்ட், மறுக்கவில்லை. நல்ல இணையமும் 16 ஜிபி ரேமும் இருப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். இந்தத் தம்பிக்கு இரண்டும் இல்லை. ஸ்கிரிப்ட் தன் போக்கில் டேட்டா ரெப்போவை இறக்க ஆரம்பித்தால் அவருடைய 1.5 ஜிபி காலையிலேயே தீர்ந்துவிடும். நடுவில் ஏதாவது நின்றால் எந்தப் படியில் நின்றது என்று புரிந்துகொள்ள, இந்த வரிசை தெரிந்திருக்கவும் வேண்டும். ஒருமுறை கையால் கட்டட்டும், பிறகு ஸ்கிரிப்டுக்குப் போகலாம்.

பழைய_பெங்குயின்:
இணைய விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்கிரிப்டில் எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கொடுக்கலாம், சிம்கியர், ஃபிளைட்கியர் இரண்டும் மட்டும் போதும் என்றால் டேட்டாவைத் தொடாது. அதையும் மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

வால்காற்று:
கட்டளைவரி அண்ணா, மிக்க நன்றி. பேக்கேஜை நீக்கி, பில்ட் ஃபோல்டரை அழித்ததும் சிமேக் ஒரே ஓட்டத்தில் போய்விட்டது.

இப்போது அடுத்தது. மேக் கட்டளையை ஜே 4 (ஒரே நேரத்தில் நான்கு கோப்பு) என்று ஓட்டினேன். பாதிக்கு மேல் போனது. மவுஸ் நகரவில்லை, பாட்டு நின்றுவிட்டது, கொஞ்ச நேரம் கழித்து இப்படி வந்தது: "ஃபேட்டல் எரர்: கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்." அதற்குக் கீழே வரிசையாக மேக் எரர்கள். கோடில் ஏதாவது பிழையா?

கட்டளைவரி:
கோடில் பிழை இல்லை. கில்டு என்ற சொல்லைப் பாருங்கள். கம்பைலர் தானாக நிற்கவில்லை, கெர்னல் அதைக் கொன்றது. ரேம் தீர்ந்தால் அதிகம் சாப்பிடும் புரோகிராமை லினக்ஸ் நிறுத்திவிடும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை கொடுத்தால் அவுட் ஆஃப் மெமரி என்ற வரி இருக்கும், உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபிளைட்கியரின் கோப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பல கோப்புகள் சட்டென்று முடிந்துவிடும். நாசலையும் சி++-ஐயும் இணைக்கும் கோப்புகளில் டெம்ப்ளேட்டுகள் அதிகம். டீபக் தகவலோடு கட்டும்போது அதில் ஒன்றே 1 ஜிபிக்கு மேல் எடுக்கக்கூடும். நான்கு கோரும் ஒரே நேரத்தில் அப்படிப்பட்ட கோப்பில் மாட்டினால், பின்னால் பிரவுசரும் திறந்திருந்தால், 8 ஜிபி எந்த மூலைக்கு?

ஜே 2 என்று குறையுங்கள். பிரவுசரை மூடுங்கள். ரேம் போதாதபோது வட்டில் இடம் தரும் ஒரு 8 ஜிபி ஸ்வாப் கோப்பு உருவாக்கி இயக்கி வையுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் மெதுவானாலும் ஓடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், மேக் கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். கடைசியில் லிங்க் செய்யும் படியிலும் ரேம் ஏறும், சிம்கியர் முழுவதும் அந்த ஒரே பைனரிக்குள் சேர்கிறது. அங்கே நின்றால் ஜே 1 கொடுங்கள்.

இன்னொரு பழக்கம்: எரர் வந்தால் திரையின் அடியில் இருக்கும் வரியைப் படிக்காதீர்கள். இணையாகக் கம்பைல் ஆகும்போது ஒன்று விழுந்தபின் மற்றவை தத்தம் வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். உண்மையான காரணம் மேலே எங்கோ புதைந்திருக்கும். வெளியீட்டை ஒரு கோப்புக்கு அனுப்பி, அதில் முதலில் வரும் எரரைத் தேடுங்கள். இங்கே உதவி கேட்கும்போதும் அந்த முதல் எரரைத்தான் ஒட்ட வேண்டும்.

மேகக்கூட்டம்:
சிகேஷ் நிறுவிக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். முதல் பில்டில் பயன் இல்லை. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி கட்டும்போது, மாறாத கோப்புகளுக்கு முன்பு கட்டியதையே எடுத்துக் கொடுத்துவிடும். இதுபோன்ற பழைய கணினியில் இது பெரிய நிம்மதி.

அப்புறம் டேட்டா விஷயம். இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எங்கள் ஊரிலும் இதே இணையம்தான்.

எஃப்ஜிடேட்டாவை கிட் குளோன் செய்யாதீர்கள். அதன் வரலாறு முழுவதும் இறங்கும். அதைவிட மோசம், குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, இறங்கியது அத்தனையும் வீண். டெப்த் 1 கொடுத்தால் வரலாறு இல்லாமல் இப்போதைய நிலை மட்டும் வரும், ஆனாலும் அறுந்தால் அதே கதி.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அடிப்படை டேட்டா ஒரே சுருக்கப்பட்ட கோப்பாகத் தருகிறார்கள். அதை டபிள்யூகெட்டில் சி ஆப்ஷனோடு இறக்குங்கள். இன்று டேட்டா தீர்ந்தால் நாளை அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். நீங்கள் நெக்ஸ்ட் பிராஞ்சுக்குப் போகாமல் 2024.1 எடுத்தது இந்த வகையில் மிகவும் நல்லது. நெக்ஸ்ட் தினம் மாறும், டேட்டாவும் கூடவே மாறும். வெளியீட்டு பிராஞ்சுக்கு அந்த ஒரு கோப்பு போதும்.

விரித்த ஃபோல்டரை எஃப்ஜி-ரூட் ஆப்ஷனில் காட்டுங்கள். சூழல் மாறியில் பழைய எஃப்ஜி ரூட் எங்காவது எழுதி வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். 2020.3 பேக்கேஜின் டேட்டா சிஸ்டத்தில் இருக்கிறது, புதிய பைனரி அதைப் போய்த் திறந்தால் பதிப்பு பொருந்தாது என்று மறுத்துவிடும். அமைப்புகள் சேமிக்கும் கோப்பு பதிப்பு வாரியாகத் தனித்தனியே இருப்பதால் இரண்டு பதிப்பையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம், பழையதை நீக்கத் தேவையில்லை.

நிலக்காட்சி? டெர்ராசிங்க் நீங்கள் பறக்கும் பகுதியை மட்டும் இறக்கும். ஒவ்வொன்றும் 1 டிகிரிக்கு 1 டிகிரி கட்டம். மீனம்பாக்கத்தில் சக்கரம் சோதிப்பதாக இருந்தால் 80 டிகிரி கிழக்கு, 12 டிகிரி வடக்குக் கட்டமும் அதைச் சுற்றியுள்ளவையும் இறங்கும். இறங்கியதும் டெர்ராசிங்கை அணைத்துவிடுங்கள்.

முதல்முறை திறக்கும்போது வழிசெலுத்தல் தரவு ஏற்றுகிறது என்று சில நிமிடம் நிற்கும். உலகத்து விமான நிலையங்களையெல்லாம் ஒரு கேஷ் கோப்பில் அடுக்குகிறது. தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள், ஒருமுறைதான்.

வால்காற்று:
ஓடுகிறது! செஸ்னா 172 ஓடுபாதையில் நிற்கிறது. ஜே 2, ஸ்வாப் இரண்டும் வைத்து இரவு முழுவதும் விட்டேன், லிங்க் வரை நிற்காமல் போனது. டேட்டா கோப்பை டபிள்யூகெட்டில் பல நாளாகத் துண்டு துண்டாக இறக்கினேன். எல்லோருக்கும் நன்றி.

டீபக்கரில் எஃப்ஜிஎல்கியர் உள்ளே பிரேக்பாயின்ட் வைத்தேன். வைத்த கணமே நிற்கிறது, தொடர் என்றால் உடனே மறுபடி நிற்கிறது. பாதி மாறிகளுக்கு மதிப்பு கேட்டால் ஆப்டிமைஸ்டு அவுட் என்கிறது. இது சரியாகுமா?

கட்டளைவரி:
இரண்டுக்கும் காரணம் உண்டு.

ஃபிளைட்கியரில் ஜேஎஸ்பிசிம் இயல்பாக விநாடிக்கு 120 முறை கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அந்த ஃபங்ஷன் அழைக்கப்படும். அதனால் நிபந்தனையோடு பிரேக்பாயின்ட் வையுங்கள். சக்கரம் தரையைத் தொட்டதா என்று சொல்லும் டபிள்யூஓடபிள்யூ என்ற மாறி அந்தக் கிளாசிலேயே இருக்கிறது. அது உண்மையாகவும், கியர் எண் உங்களுக்கு வேண்டிய சக்கரமாகவும் இருந்தால் மட்டும் நில் என்று கொடுங்கள். காற்றில் இருக்கும்வரை தொந்தரவு இருக்காது, தொட்டதும் பிடிக்கும். ஃபிளைட்கியரை முழுத்திரையில் ஓட்டாதீர்கள், பிரேக்பாயின்டில் நின்றால் டெர்மினலுக்கு வரமுடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆப்டிமைஸ்டு அவுட் வருவது, ரெல்வித்டெப்இன்ஃபோவிலும் கம்பைலர் வேகத்துக்காக மாறிகளைச் சுருக்கிவிடுவதால். மொத்தத்தையும் டீபக் டைப்பில் கட்டினால் எல்லாம் தெரியும், ஆனால் உங்கள் கணினியில் படம் நகராது. ஜேஎஸ்பிசிம் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டும்படி அதன் சிமேக் கோப்பில் ஒரு வரி சேருங்கள். சோர்ஸில் எஃப்டிஎம் ஃபோல்டருக்குள் ஜேஎஸ்பிசிம். மறுபடி மேக் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் கட்டப்படும், மற்றதெல்லாம் வேகமாகவே இருக்கும்.

ஓடுபாதை07:
நீங்கள் தேடும் எண்களும் கண்ணில் படும். பசேக்கா சூத்திரத்துக்கு நான்கு எண்: ஸ்டிஃப்னஸ் 0.06, ஷேப் 2.8, கர்வேச்சர் 1.03. பீக் மட்டும் எக்ஸ்எம்எல்லில் கொடுக்கும் நிலை உராய்வு எண்ணிலிருந்து வருகிறது. அதாவது உராய்வைக் குறைத்தால் உச்சம் குறையும், வளைவின் வடிவம் மாறாது. ஈர ஓடுபாதைக்கு வடிவமும் மாற வேண்டுமா என்பதுதான் உங்கள் புராஜெக்டின் கேள்வியே என்று நினைக்கிறேன். அதற்கு, முன்பு சொன்னபடி, தனி ஜேஎஸ்பிசிமில் ஒரே தரையிறக்கத்தை வெவ்வேறு எண்களோடு ஓட்டி ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. கையால் தரையிறக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி இருக்கும்.

தென்றல்_விமானி:
நல்ல இழை. விண்டோசில் இதே வழிதானா?

பழைய_பெங்குயின்:
வரிசை அதே வரிசைதான். கம்பைலர் விஷுவல் ஸ்டூடியோ. லைப்ரரிகளைத் தேடி அலைய வேண்டாம், தேவையானவற்றை முன்பே கட்டி ஒரே தொகுப்பாக வைத்திருக்கிறார்கள், அதை சோர்ஸ் ஃபோல்டர்களுக்கு அருகில் வைத்து சிமேக்கிடம் காட்டினால் போதும். இடம் நிறைய வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருந்து லினக்ஸ் தெரியாது என்றால் அங்கேயே செய்யலாம். இரண்டும் தெரியும் என்றால் லினக்ஸில் செய்வது எளிது என்பது என் கருத்து.

வால்காற்று:
நிபந்தனையோடு வைத்த பிரேக்பாயின்ட் வேலை செய்கிறது அண்ணா. இடது சக்கரம் தொட்ட கணத்தில் நின்றது, சறுக்குக் கோணம், பக்கவாட்டு உராய்வு எண் எல்லாம் தெரிகிறது. ஜேஎஸ்பிசிம் பகுதியை மட்டும் மறுபடி கட்ட அதிக நேரமும் ஆகவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஸ்டிஃப்னஸ், ஷேப், கர்வேச்சர் மூன்றையும் எக்ஸ்எம்எல்லில் இருந்தே படிக்கும்படி மாற்றி எழுதிப் பார்க்கிறேன். நன்றாக வந்தால் ஃபிளைட்கியருக்கு அனுப்பலாமா?

கட்டளைவரி:
அனுப்புங்கள், ஆனால் ஃபிளைட்கியருக்கு அல்ல. ஜேஎஸ்பிசிம் தனித் திட்டம், அதன் ரெப்போ கிட்ஹப்பில் இருக்கிறது. ஃபிளைட்கியரில் இருப்பது அதிலிருந்து அவ்வப்போது கொண்டுவந்து சேர்க்கும் நகல். இங்கே திருத்தினால் அடுத்த முறை நகல் எடுக்கும்போது உங்கள் மாற்றம் அழிந்துபோகலாம். முதலில் அங்கே ஓர் இஷ்யூ திறந்து, என்ன செய்ய நினைக்கிறீர்கள், ஏன் என்று எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் விமானங்களின் எக்ஸ்எம்எல்லில் புதிய எண்கள் இருக்காது, அப்போது பழைய மதிப்புகளே வரும்படி கோடு இருக்க வேண்டும். அதைக் காட்டும் ஒரு டெஸ்டும் சேர்த்து அனுப்புங்கள். ஓடுபாதை07 சொன்ன ஒப்பீட்டு வரைபடம் இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள், படிப்பவர்களுக்கு வேலை சுலபம்.